மைக்கை அவர்களுக்கும் திறந்துவிடுங்கள்

இணையவழியில் பெரியவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,



தொலைநிலைப் படிப்புகளுக்கும் இணையவழிப் பட்டங்களுக்கும் வார இறுதிகளிலும் இரவு நேரங்களிலும் திரைமுன் அமர்ந்து வகுப்பெடுக்கும் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. துறைத் தலைவர் வழியாகவோ சுற்றறிக்கை வழியாகவோ வந்தால் அது இன்னொரு காகிதமாகிவிடும். அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

நான் வகுப்பெடுப்பவள் இல்லை. கற்றல் உதவி மையம் ஒன்றில், உங்களிடம் படிக்கச் சேர்கிறவர்களுக்குச் சேர்க்கைப் படிவம் நிரப்புவது முதல் ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது வரை கூட நிற்பவள். படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களைப் போனில் அழைத்து, ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்பதும் என் வேலை. எல்லோரும் முதலில் சொல்வது, “டைம் இல்ல மேடம்.” பொய்யில்லை. ஆனால் சேர்ந்த நாளிலும் அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அப்படியிருந்தும் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். பேச்சைக் கொஞ்சம் நீட்டினால் அடுத்தது வரும்: “கிளாஸ்ல நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான் மேடம். எனக்காக நடக்கற மாதிரியே தெரியல.” வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு படிப்புக்காரர்கள் இதையே வெவ்வேறு விதமாகச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். நீங்கள் ஆசிரியர், மார்க் போடுபவர். எனவே நான் சொல்கிறேன்.

உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? பெயர்ப்பட்டியல் தெரியும், பதிவு எண் தெரியும். பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்கிறார்கள் என்று நாற்பது வயதில் சேர்ந்த அலுவலக உதவியாளர், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோய்ப் பிள்ளைகள் வளர்ந்தபின் திரும்பி வந்த பெண், இரவு ஷிஃப்ட் முடித்துப் பேருந்தில் வரும்போதே வகுப்பில் நுழையும் செவிலியர், இருபது வருடமாகக் கடை நடத்திவிட்டு இப்போது வணிகவியல் படிக்க வந்தவர். இவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு வண்ண வட்டத்துக்குள் ஒரு முதலெழுத்தாகத் திரை காட்டுகிறது. அந்த வட்டங்களைப் பார்த்து நீங்கள் “என்னப்பா பசங்களா, எல்லாரும் இருக்கீங்களா?” என்று ஆரம்பிக்கிறீர்கள். அன்போடுதான் சொல்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் தன் வேலையிடத்தில் பத்துப் பேருக்குப் பதில் சொல்லும் ஒருவர் அந்த இரண்டு மணி நேரமும் மறுபடி பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்படுகிறார். அந்த பெஞ்சிலிருந்துதான் பலர் ஒரு காலத்தில் வெளியேறினார்கள்.

நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். பி.காம். மாணவர்களுக்கான அடக்கவிலைக் கணக்கியல்; அன்றைய பாடம் பிராசஸ் காஸ்டிங். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருப்பவர் எங்கள் மையத்துக்கு வந்து, எங்கள் கணினியிலேயே வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் நன்றாகத் தயாரித்து வந்திருந்தார், அதில் குறையில்லை. சாதாரண நட்டம் என்றால் என்ன, அசாதாரண நட்டம் என்றால் என்ன என்று ஸ்லைடில் இருந்த வரையறையை வாசித்தார். பிறகு எக்ஸ் லிமிடெட் என்ற நிறுவனம் முதல் செயல்முறையில் 1,000 அலகுகளை இட்டது என்று கணக்கைத் தொடங்கினார்.

என் பக்கத்தில் இருந்தவர் செய்யும் தொழிலே அதுதான். இத்தனை ஆயிரம் பீஸுக்கு எத்தனை கிலோ நூல் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் அவர். நிட்டிங்கில் கொஞ்சம் போகும், டையிங்கில் கொஞ்சம் போகும், கட்டிங்கில் துண்டு விழும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு போகலாம் என்று ஒரு விழுக்காடு பேசி வைத்திருப்பார்கள். சாயப்பட்டறையிலிருந்து துணி அதற்கு மேலும் குறைந்து திரும்பினால், போனில் சண்டை போட்டு அவர்கள் பில்லில் கழிப்பதும் இவர்தான். பேசி வைத்தது சாதாரண நட்டம். சண்டை போட வைத்தது அசாதாரண நட்டம். திரையில் அந்த வரையறை ஓடிய நொடியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை உயர்த்தும் குறியை அழுத்தினார். ஆசிரியர் ஸ்கிரீன் ஷேரில் இருந்ததால் அது அவர் கண்ணில் படவில்லை. மைக்கும் எல்லோருக்கும் அடைக்கப்பட்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே குறியை இறக்கிவிட்டார். “இதத்தான மேடம் நான் தெனம் பண்றேன்” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்தப் பாடத்தை எக்ஸ் லிமிடெட்டுக்குப் பதில் ஒரு கேள்வியோடு தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். ‘ஒரு கட்டத்தில் போட்ட எடை அடுத்த கட்டத்துக்கு வரும்போது குறைவதை உங்கள் வேலையில், வீட்டில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?’ இவ்வளவுதான் கேள்வி. இவர் டையிங்கைச் சொல்லியிருப்பார். அதே வகுப்பில் நகைப் பட்டறைக்காரரோ, சேதாரத்துக்குப் பேரம் பேசியே பழகிய பெண்களோ இருந்திருப்பார்கள். அரிசி ஆலையில் கணக்கு எழுதும் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அரசு கொள்முதல் நெல்லை அரைக்கும்போது 100 கிலோவுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கலரிசி 68 கிலோ வர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மீதி எங்கே போகிறது? உமியும் தவிடுமாக. அதை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை, விற்கிறார்கள். உங்கள் பாடத்தில் மூன்றாவது ஸ்லைடில் வரும் ‘சாதாரண நட்டத்தின் கழிவு மதிப்பு’ அதுதானே?

இப்போது திருப்பூர்க்காரரிடமே கணக்கைக் கொடுக்கலாம். 100 கிலோ துணி சாயத்துக்குப் போனது, 5 கிலோ குறையலாம் என்று பேச்சு, வந்தது 93 கிலோ. கூடுதலாகப் போன 2 கிலோவின் செலவை யார் தலையில் கட்டுவீர்கள்? சட்டென்று பதில் சொல்வார். ஆனால் பேச்சுப்படி போன அந்த 5 கிலோவின் செலவு மீதி நல்ல துணியின் மேல் எப்படிப் பரவுகிறது, அசாதாரண நட்டம் ஏன் தனிக் கணக்காகப் பிரிந்து இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது, அப்படிப் பிரிக்காவிட்டால் அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும்போது எங்கே ஏமாறுவோம் என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தான் அவர் பணம் கட்டி வந்திருக்கிறார். அங்கேதான் நீங்கள் வேண்டும். அவர் தெரிந்துவைத்திருப்பது வரை அவரைப் பேசவிட்டு, அதற்கு அடுத்த அடியிலிருந்து நீங்கள் கைப்பிடித்து அழைத்துப் போகலாம். அந்த அடுத்த அடி எது என்று தெரிய வேண்டுமானால், முதலில் அவர் வாயைத் திறக்க இடம் வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1926-லேயே அமெரிக்காவில் எட்வர்ட் லிண்டெமன் என்ற கல்வியாளர், வளர்ந்தவர்களின் கல்வி பாடத்திட்டத்திலிருந்து தொடங்காமல் அவர்கள் வாழ்க்கையில் எதிர்கொள்ளும் நிலைமைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று வாதிட்டார். அவரைப் படித்து வளர்ந்த மால்கம் நோல்ஸ் 1970-ல் வெளியிட்ட நூலில் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் கலைக்கு ஆண்ட்ரகாஜி என்ற பெயரைப் பரவலாக்கினார். பி.எட்., எம்.எட். படித்த உங்களில் பலர் அவரைப் பற்றித் தேர்வுக்காக எழுதியிருப்பீர்கள். நோல்ஸ் சொல்லும் பெரியவர், தன்னைத் தானே நடத்திக்கொள்பவராக நினைப்பவர். கூடவே ஒரு மூட்டை அனுபவத்தோடு வருபவர். வாழ்க்கையில் ஒரு தேவை எழும்போது கற்கத் தயாராகிறவர். பின்னால் பயன்படும் என்பதற்காக அல்லாமல் இன்றைய சிக்கலைத் தீர்க்கப் படிப்பவர். உள்ளிருந்து வரும் உந்துதலால் படிப்பவர். இதை ஏன் படிக்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ள விரும்புபவர். ஆறும் உங்களுக்கு மனப்பாடம். நான் கேட்பதெல்லாம், அந்த ஆறில் ஒன்றாவது உங்கள் போன வார வகுப்பில் இருந்ததா என்பதுதான்.

இங்கே நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குக் கேட்கிறது. ‘இதெல்லாம் புத்தகத்தில் நன்றாக இருக்கும். நம் மாணவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. கருத்துக் கேட்டால் பேச மாட்டார்கள். இம்பார்ட்டன்ட் கொஸ்டின் சொல்லுங்க சார், நோட்ஸ் போடுங்க சார் என்றுதான் கேட்பார்கள்.’ உண்மை. எங்கள் மையத்துக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நோல்ஸும் எடுத்துக்கொள்ளவில்லை. 1970-ல் அந்த நூலின் துணைத்தலைப்பு ஆண்ட்ரகாஜியும் சிறுவர்க் கல்வியும் எதிரெதிர் என்ற பொருளில் இருந்தது. 1980 பதிப்பில் அதை மாற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதை என்ற பொருளில் வைத்தார். முற்றிலும் புதிய ஒரு பாடத்தில் நுழையும் பெரியவருக்கும் கொஞ்ச காலம் கைப்பிடித்து நடத்துவது தேவைப்படும் என்று ஒப்புக்கொண்டார். 1991-ல் ஜெரால்ட் குரோ என்ற கல்வியாளர் இன்னும் ஒரு படி போய், கற்பவர் ஆசிரியரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து தானே நடத்திக்கொள்ளும் நிலைக்குக் கட்டம் கட்டமாக வருகிறார், ஆசிரியர் அந்தந்தக் கட்டத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்றார்.

எனவே ஆங்கிலத்தையே கண்டு அஞ்சும் ஒருவரிடம் முதல் வாரத்திலேயே ‘நீங்களே தேடிப் படியுங்கள்’ என்று விட்டுவிடச் சொல்லவில்லை. அது அவரைக் கைவிடுவது. இணையவழிப் படிப்பில் அந்தக் கைவிடலும் நடக்கிறது: பிடிஎஃப்பை ஏற்றிவிட்டு, சுயகற்றல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நோட்ஸ் கேட்கிறார்களா, கொடுங்கள். முக்கியமான கேள்விகளைச் சொல்லுங்கள். ஃபெயிலாகிவிடுவோம் என்ற பயம் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஏறியது, அதை நாம் ஒரே நாளில் இறக்க முடியாது. ஆனால் நோட்ஸில் தொடங்கியவர் நோட்ஸிலேயே முடிந்தால், மூன்று வருடம் கழித்து அவர் கையில் இருக்கும் பட்டத்துக்கு அவர் அலுவலகத்து ஃபைலில் மட்டுந்தான் வேலை. முதல் பருவத்தில் நீங்கள் கேள்வி சொல்லுங்கள். மூன்றாம் பருவத்தில் கேள்வியை அவர்கள் எழுதட்டும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. நேரலை வகுப்பில் நீங்கள் செய்வதில் பெரும்பகுதி பதிவு செய்து கொடுத்துவிடக்கூடியது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருநூறு பேரை ஒரே சமயத்தில் கூட்டி வைத்து வரையறை வாசிப்பது, அவர்களிடம் இருக்கும் மிக அரிய பொருளைச் செலவழிப்பது. வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே காலை அது. வரையறையையும் விளக்கத்தையும் சின்னச் சின்னக் காணொளிகளாகப் பதிந்து அனுப்பிவிடுங்கள். சின்னது என்று அழுத்திச் சொல்கிறேன். 2014-ல் பிலிப் குவோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்டதை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் அதில் செலவிட்ட இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. நீங்கள் ஒரு மணி நேரம் பேசிப் பதிவேற்றியதை, இரவு பதினொரு மணிக்கு, ஒன்றரை ஜிபி பேக்கில் மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு பார்க்கும் பெண் எந்த இடத்தில் விட்டுவிட்டுத் தூங்கப் போவார் என்று யோசியுங்கள். ஒரு காணொளிக்கு ஒரே கருத்து, தலைப்பில் அந்தக் கருத்து. அப்படி இருந்தால் அவர் மறுநாள் பேருந்தில் அடுத்ததைப் பார்ப்பார்.

மிச்சமாகும் நேரலை நேரம்? அது அவர்களுடையது.

2017-ல் தொடங்கிய அரசு இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்கள் நான்கு பகுதிகளாக அமைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்: காணொளி, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, விவாத அரங்கம். முதல் மூன்றுக்கும் ஸ்டூடியோ இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது, கெடு இருக்கிறது. நான்காவது பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கிறது. ‘அசைன்மென்ட் லாஸ்ட் டேட் எப்போது?’ என்ற கேள்வியும் அதற்கு வராத பதிலும்தான் அங்கே நான் பார்ப்பவை. பெரியவர்களின் கல்வியைப் பொறுத்தவரை அந்த நான்காவது பகுதியில்தான் அவர்களிடம் உள்ள அனுபவம் உள்ளே வர முடியும். அதை மூடிவிட்டால் மற்ற மூன்றும் ஒருவழிப் பாதை.

மைக்கேல் மூர் என்ற தொலைநிலைக் கல்வி அறிஞர், கற்பவருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான தூரம் கிலோமீட்டரில் இல்லை என்று சொன்னார். இருவருக்கும் இடையில் உரையாடல் எவ்வளவு, பாடத்தின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கம், கற்பவருக்கு எவ்வளவு தன்னாட்சி என்ற மூன்றும் சேர்ந்துதான் அந்தத் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. இதை வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1962-ல் அஞ்சல்வழிப் படிப்பு தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொடங்கியது. அந்த அஞ்சல்வழி மாணவர் ஒருவருக்குத் திரும்பி வந்த விடைத்தாளில், ‘இந்த இடத்தில் உங்கள் வாதம் நன்று, ஆனால் எடுத்துக்காட்டு பொருந்தவில்லை, மறுபடி யோசியுங்கள்’ என்று ஆசிரியர் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதியிருந்தால், அவர்களுக்கு இடையில் இருந்த தூரம் குறைவு. முகம் தெரிய, குரல் கேட்க, மைக் அடைக்கப்பட்ட இருநூறு பேருக்கு நீங்கள் இன்று எடுக்கும் வகுப்பில் தூரம் அதிகம். தொழில்நுட்பம் நம்மை நெருங்க வைத்துவிட்டது என்று நினைத்து நாம் அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டோம்.

அசைன்மென்ட்டைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பல படிப்புகளில் அதற்கு 30 விழுக்காடு மதிப்பு. மற்ற இடங்களிலும் ஏறக்குறைய அப்படித்தான். நீங்கள் வருடா வருடம் கேட்கும் கேள்வி, ‘மேலாண்மையின் பணிகளை விவரி’. வருடா வருடம் வரும் பதில், பாடநூலின் அதே நான்கு பக்கம். முன்பு கையால் பார்த்து எழுதினார்கள், இப்போது சாட்ஜிபிடியில் எடுத்து எழுதுகிறார்கள். காப்பியடிக்கிறார்கள் என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். காப்பியடிக்க மட்டுமே முடிகிற கேள்வியைக் கேட்டால் வேறு என்ன வரும்? அதே கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘உங்கள் வேலையிடத்தில் கடந்த மாதம் தவறிப்போன ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டமிடலில் தவறியதா, ஒருங்கிணைப்பில் தவறியதா, கட்டுப்பாட்டில் தவறியதா? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?’ வேலைக்குப் போகாத இல்லத்தரசிக்கு, ஒரு கல்யாணமோ வீட்டு வேலையோ அந்த இடத்துக்கு வரும். ஊரையும் பெயரையும் நடந்ததையும் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்க முடியாது. எழுதத் தெரியவில்லை என்கிறவர்களிடம் மூன்று நிமிடக் குரல்பதிவாக வாங்கலாம். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரே ஒரு வரி பதில் அனுப்பினால், அந்த மாணவர் படிப்பை விட்டுப் போகமாட்டார் என்று துணிந்து சொல்வேன். தான் சொன்னதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார் என்பதற்காகவே படிப்பைத் தொடர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “வீடியோ ஆன் பண்ணாதவங்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது” என்று நீங்கள் சொன்ன அன்று, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். ஒரே அறை வீடு. பின்னால் மாமனார் படுத்திருக்கிறார், கொடியில் துணி காய்கிறது. இதையெல்லாம் இருநூறு பேருக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்டார். வருகைப்பதிவை உறுதிசெய்ய உங்களுக்கு வேறு வழி இருக்கிறது: வகுப்பின் நடுவே ஒரு கேள்வி போட்டுச் சாட்டில் பதில் எழுதச் சொன்னால் போதும், அவர் இருக்கிறாரா என்பது மட்டுமல்ல, கேட்கிறாரா என்பதும் தெரிந்துவிடும். 1978-ல் ஜாக் மெசிரோ என்ற கல்வியாளர் அமெரிக்காவில் இடைவெளிக்குப் பின் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களைப் பற்றி எழுதினார். திரும்பி வருவது அவர்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பதாக மட்டும் இருக்கவில்லை, தன்னைப் பற்றித் தான் அதுவரை வைத்திருந்த எண்ணமே அசைந்து மாறும் காலமாக இருந்தது என்று கண்டார். நம் ஊரில் அது இன்னும் ஆழமாக நடக்கிறது. ‘இந்த வயசுல உனக்கெதுக்குப் படிப்பு’ என்ற கேள்வியை வீட்டில் தினமும் தாண்டி வருகிறவரிடம், வகுப்பில் ஒரு சுடுசொல் போதும், அந்தக் கேள்வி சரிதான் என்று ஆகிவிட.

நமக்குச் சொந்தமான ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு அமெரிக்கப் பெயர்களையே அடுக்கினால் தவறு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். அரிச்சுவடிக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது கேட்டிருக்கலாம். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, யாரையும் எதிர்பார்க்காமல் தானே போகலாம் என்ற விடுதலை அந்தப் பெண்களுக்கு உடனே தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். வகுப்பு அவர்கள் வாழ்க்கையின் தேவையோடு வந்து நின்றதால் அவர்களும் வகுப்போடு நின்றார்கள். கல்வியாளர் பாவ்லோ ஃப்ரையரே 1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தரும் திட்டத்தை நடத்தியபோதும், முதலில் அந்த மக்கள் தினம் புழங்கும் சொற்களைச் சேகரித்துவிட்டுத்தான் பாடம் எழுதினார். நோல்ஸைப் படித்தறியாத அறிவொளித் தொண்டர்கள், சம்பளம் இல்லாமல் செய்ததை நாம் ஜூமும் கூகுள் மீட்டும் கையில் வைத்துக்கொண்டு செய்ய முடியாதா?

சம்பளம் என்றதும் உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லாமல் போக முடியாது. உங்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். வகுப்புக்கு இவ்வளவு என்று தருகிறார்கள், அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது. பகல் கல்லூரியில் முழுநாள் நின்றுவிட்டு இரவில் இதையும் எடுக்கிறீர்கள். சிலபஸ் உங்கள் கையில் இல்லை. ஒரு பேட்சில் இருநூறு பேரைப் போட்டதும் நீங்கள் இல்லை. இவற்றையெல்லாம் தீர்க்காமல் உங்கள் மேல் மட்டும் பாரத்தை ஏற்றுவது நியாயமாகாது. பேட்சைப் பிரிக்கச் சொல்லியும், காணொளி தயாரிக்கும் நேரத்துக்கும் விடைத்தாளில் குறிப்பு எழுதும் நேரத்துக்கும் ஊதியம் கேட்டும் நீங்கள் நிர்வாகத்திடம் எழுதினால், எங்களைப் போன்ற மையங்களில் இருப்பவர்களும் சேர்ந்து கையெழுத்திடுவோம். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கை நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கையும் வெளியிடச் சொல்லிச் சேர்ந்தே கேட்போம்.

ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாத சில இருக்கின்றன. அவற்றைத்தான் இந்தப் பருவத்தில் உங்களிடம் கேட்கிறேன்.

முதல் வகுப்பில் சிலபஸைத் திறக்காதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள், இந்தப் படிப்பை ஏன் எடுத்தீர்கள், வாரத்தில் எந்த நேரம் உங்களுக்குக் கிடைக்கும் என்று மூன்றே கேள்விகளை ஒரு கூகுள் படிவத்தில் முன்கூட்டியே அனுப்பி, வந்த பதில்களை அந்த வகுப்பில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். தங்களோடு படிப்பவர்கள் யார் என்று அவர்களுக்கும் அன்றுதான் தெரியும். அந்தப் பட்டியலை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸ் காஸ்டிங் வரும்போது பனியன் கம்பெனிக்காரர் யார், தொழிலாளர் சட்டம் வரும்போது மில்லில் இருப்பவர் யார், குழந்தை வளர்ச்சி வரும்போது அங்கன்வாடியில் இருப்பவர் யார் என்று பார்த்து, முந்தின நாளே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: ‘நாளைக்கு இந்தப் பாடம். உங்கள் அனுபவத்தில் இரண்டு நிமிடம் பேச முடியுமா?’ திடீரென்று பெயர் சொல்லிக் கேட்டால் தயங்குகிறவர்கள், ஒரு நாள் முன்னால் கேட்டால் தயாராக வருவார்கள்.

ஐந்து யூனிட்டையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு யூனிட்டை எடுத்து, அதன் விளக்கங்களை ஐந்தாறு நிமிடக் காணொளிகளாக முன்கூட்டி அனுப்பிவிட்டு, அந்த வாரத்து நேரலை வகுப்பு முழுவதையும் அவர்களுடைய சிக்கல்களுக்குக் கொடுங்கள். அந்த யூனிட்டின் அசைன்மென்ட்டில் ஒரு கேள்வியாவது அவர்கள் வாழ்க்கையிலிருந்து எழுத வேண்டியதாக இருக்கட்டும். இருநூறு தாளிலும் குறிப்பு எழுத முடியாவிட்டால், வாரம் பத்துப் பேருக்கு மட்டும் எழுதுங்கள். சுற்று முறையில் எல்லோருக்கும் ஒரு முறையாவது வரும்.

மைக்கை அடைத்து வைப்பது இரைச்சலுக்காக என்றால், கடைசி இரண்டு நிமிடம் மட்டும் திறப்பதற்குப் பதில் ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் ஒரு முறை திறந்துவிடுங்கள். உயர்ந்திருக்கும் கைகளைப் பார்க்க ஸ்கிரீன் ஷேரை நிறுத்துங்கள். அவர்களைப் பெயர் சொல்லி, ‘நீங்கள்’ என்று அழையுங்கள்.

பருவம் முடியும்போது, அந்த ஒரு யூனிட்டில் எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள், மற்ற யூனிட்டுகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வருகைப்பதிவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்பதை எங்கள் மையங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். நல்லதானாலும் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். அடுத்த பருவச் சேர்க்கைக்கு வருகிறவர்களிடம் உங்கள் வகுப்பைப் பற்றி என்ன சொல்வது என்று அதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
கற்றல் உதவி மையப் பணியாளர் ஒருவர்